நாலு படுக்கை, மூன்று சீட்டு

வீட்டில் இருப்பது நாலு பேர். குளிர்காலம் பூரா மாடாக உழைத்து, மூன்று பேர் மட்டும் போகக்கூடிய ஒரு வண்டியைக் கட்டினால் எங்களைப் பற்றி என்ன நினைப்பீர்கள்?

எங்கள் ஊர்க் கடைக்காரி டெலித் நினைத்ததைத்தான் நீங்களும் நினைப்பீர்கள்.

அது ஒரு ரொட்டிக் கம்பெனியின் பழைய சரக்கு வேன். இருந்த காரை விற்றுவிட்டு அதை வாங்கினோம். என் புருஷன் கெதின் அதில் ஜன்னல் வெட்டினான், அடுப்பு வைத்தான், தண்ணீர்த் தொட்டி வைத்தான். குளிர் புகாமல் இருக்கச் சுவரெல்லாம் ஆட்டு ரோமத்தை அடைத்தது நானும் எலனும். மழை பெய்தால் வேனுக்குள் நனைந்த ஆட்டு வாடை அடிக்கும். வேல்ஸில் மழை பெய்யாத நாள் ஏது?

எலன் எங்கள் மகள், ஆறு வயது. நாலாவது ஆள் மைனிர் அண்ணி, கெதினின் அக்கா. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பிறந்த வீட்டிலேயே எங்களோடு இருக்கிறார். ஜன்னல்களுக்குத் திரை தைத்தது அவர்தான்.

"அக்கா, ஜன்னலோரப் படுக்கை உனக்கு. படுத்துக்கிட்டே கடலைப் பார்க்கலாம்" என்று கெதின் தினமும் சொல்வான்.

நாலு படுக்கையும் தயார். ஆகஸ்டில் இரண்டு வாரம் ஸ்காட்லாந்து.

வேனைச் சோதனைக்குக் கொண்டுபோனோம். சோதிக்கிறவர் உள்ளே எட்டிப் பார்த்து, கெதின் செய்த மர பெஞ்சைத் தட்டினார்.

"இது எதுக்கு?"

"அக்கா உட்கார."

அதில் திருகியிருந்த சீட் பெல்ட்டைப் பிடித்து ஒரு இழு இழுத்தார். பலகையோடு கையில் வந்தது.

"இதுல மழைக்கோட்டு மாட்டலாம். மனுஷரை மாட்ட முடியாது. முன்னாடி மூணு சீட்டு, மூணு பேர்தான்."

"படுக்கை நாலு இருக்கே?"

"நிக்கற வண்டியில நாற்பது பேர்கூடப் படுங்க, எனக்கென்ன? ஓடற வண்டியில மூணு பேர்."

படுப்பதைப் பற்றி அவ்வளவு யோசித்த நாங்கள், உட்காருவதை ஒரு மர பெஞ்சோடு முடித்துவிட்டோம். அடிச்சட்டத்தோடு சேர்த்து முறையாகச் சீட்டுப் போடும் பட்டறையில் அக்டோபர் வரை இடமில்லையாம்.

திரும்பி வரும் வழியில் பால் வாங்க டெலித் கடைக்குள் போனேன். செய்தி எனக்கு முன்னால் அங்கே போய்விட்டிருந்தது.

"பாவம் மைனிர். திரை தைக்க அவ வேணும், கூட்டிட்டுப் போக வேண்டாம். அப்படித்தானே?"

"இல்ல டெலித், சீட்டு..."

"போங்க, நல்லாப் போயிட்டு வாங்க. பூனைக்குத் தட்டு வச்சிட்டுப் போற மாதிரி அவளுக்கும் ரெண்டு துண்டு ரொட்டி வச்சிட்டுப் போங்க."

பாலை மறந்துவிட்டு வெளியே வந்தேன்.

சாயங்காலம் சாப்பிட உட்கார்ந்ததும் சொல்லிவிட்டேன். "நான் வீட்ல இருக்கேன். நீங்க மூணு பேரும் போயிட்டு வாங்க."

அண்ணி கரண்டியைக் கீழே வைத்தார். "அதெல்லாம் ஆகாது. அம்மா இல்லாம எலன் எப்படி இருப்பா? நான் இருக்கேன்."

"எத்தனை ஆசையாத் திரை தைச்சீங்க அண்ணி."

"நீ எத்தனை மூட்டை ரோமம் அடைச்சே."

"நீங்க போங்க."

"நீ போ."

கெதினுக்குக் கண் கலங்கிவிட்டது. "இப்படி ரெண்டு பேர் வேற எந்த வீட்ல இருப்பாங்க? போனா நாலு பேரும் போவோம். இல்லேன்னா யாரும் போக வேண்டாம். வேனை வித்துடறேன்."

"வேண்டாம்" என்றோம் நானும் அண்ணியும், ஒரே குரலில்.

அவன் எழுந்து போய் வேனுக்குள் உட்கார்ந்துகொண்டான். எலனும் பின்னாலேயே ஓடினாள்.

நான் தட்டுகளைக் கழுவ, அண்ணி வாங்கித் துடைத்தார்.

"லவ்ரி, நிஜத்தைச் சொல்லு. வீட்ல தனியா இருந்து என்ன பண்றதா இருந்தே?"

"சும்மா, அலமாரியை எல்லாம் ஒழிக்கலாம்னு."

"ம்."

"காலையில ஒன்பது மணி வரைக்கும் தூங்கலாம்னு."

"அப்புறம்?"

"குளிக்கறப்ப யாரும் கதவைத் தட்ட மாட்டாங்கன்னு."

அண்ணி துணியைத் தோளில் போட்டுக்கொண்டு, ஜன்னல் வழியாக வேனை ஒரு தரம் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார்.

"அதேதான். நான் இந்த வீட்லயே பிறந்தவ. அம்மா, அப்பா, தம்பி, அப்புறம் நீ, எலன். ஒரு நாள்கூட இந்த வீட்டைக் காலியாப் பார்த்ததில்ல. ரேடியோவைச் சத்தமா வச்சுக்கிட்டு, சோபாவுல காலை நீட்டிக்கிட்டு, மூணு வேளையும் டோஸ்ட்டே தின்னுக்கிட்டு இருக்கணும் எனக்கு. அந்த ஆட்டு வாடையில, ஈர சாக்ஸுக்கு நடுவுல ரெண்டு வாரமா? என்னால ஆகாதும்மா."

"அப்ப திரை தைச்சது?"

"'ஜன்னலோரம் உனக்கு'ன்னு சொல்றப்ப அவன் முகத்தைப் பார்த்திருக்கியா? எப்படி வேண்டாங்கறது? அந்த ரொட்டி வேன் வாசல்ல வந்து நின்ன அன்னைக்கே முன்சீட்டை எண்ணிட்டேன். மூணு. அதுக்கப்புறம் அதைப் பத்தி நான் வாயே திறக்கலை."

அதுவரை என் நெஞ்சின் மேல் ஏறி உட்கார்ந்திருந்த டெலித், மெல்ல எழுந்து இறங்கிப் போனாள். சிரிப்பை அடக்க முடியாமல் குழாயைப் பெரிதாகத் திறந்துவிட்டேன்.

"அடுத்த வருஷம் வீடு உனக்கு. இந்த வருஷம் எனக்கு விட்டுக் குடு" என்றார் அண்ணி. "கொல்லையில இருக்கற கோழிங்களைப் பார்த்துக்க ஆள் வேணும்னு அவன்கிட்ட நான் பேசிக்கறேன். ஆனா அந்தப் படுக்கை மேல எனக்கு ஆசையே இல்லைன்னு தெரிஞ்சா உடைஞ்சு போயிடுவான். அதனால நீங்க கிளம்பறப்ப வாசல்ல நின்னு லேசாக் கண்ணைத் துடைச்சுக்குவேன். நீ மட்டும் என் மூஞ்சியைப் பார்த்துச் சிரிச்சுடாதே, என்ன?"