முன்னாடியே வந்துட்டுப் போனவர்

“நீயே போ. நீயே கேளு. எனக்கு ஒண்ணும் தெரியாது” என்று சொல்லிவிட்டு அமராவதி அரிசி களையப் போய்விட்டாள்.

மகள் இசைவாணி பையோடு வாசலிலேயே நின்றாள். பதினேழு வயசு. ராணுவத்தில் இருந்த அப்பா செம்பியன் இறந்து மூன்று வருஷம். வீரர்களின் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் உதவித்தொகை கிடைத்தால்தான் இன்ஜினீயரிங் படிப்பைத் தொடர முடியும்.

பக்கத்து வீட்டு புஷ்பவள்ளிக்குப் பொறுக்கவில்லை.

“கடலூர்ல ஆபீஸ் எங்க இருக்குன்னே தெரியாத புள்ளைய தனியா அலைய விடுறாளே, இவளும் ஒரு தாயா?”

அமராவதி காதில் வாங்கிக்கொள்ளவே இல்லை.

முதலில் சிதம்பரம். காலேஜ் ஆபீஸில் இசைவாணி வாயைத் திறக்கும் முன்பே கிளார்க் கவரை நீட்டினார்.

“இசைவாணிதானே? இங்க படிக்கிறதுக்கான போனஃபைடு சர்டிபிகேட் ரெடி.”

“நான் இன்னும் கேக்கவே இல்லையே சார்?”

“நேத்தே உங்க அப்பா வந்து சொல்லிட்டுப் போனாரேம்மா.”

ஆள் மாறிப் போயிருக்கும் என்று மனசைத் தேற்றிக்கொண்டாள். வீட்டில் சொல்லவில்லை.

மறுநாள் கடலூர். பஸ் ஸ்டாண்டு எதிரில் இருந்த ஜெராக்ஸ் கடைக்காரர் அவளைப் பார்த்ததும் ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

“நீதான் இசைவாணியா? எந்தெந்தப் பேப்பர எத்தினி காப்பி எடுக்கணும்னு நேத்தே ஒருத்தர் சொல்லிட்டாரு.”

“யாரு? எப்படி இருந்தாரு?”

“ஒசரமா. மீசை. மிலிட்டரி ஷூ. சத்தமே இல்லாம வந்து நின்னாரு, நானே திடுக்கிட்டுட்டேன்.”

அப்படியே அப்பா.

படைவீரர் நல அலுவலகத்தில் விண்ணப்பத்தைக் கொடுக்கும்போது அவள் கை தானாகக் காது மடலைப் பிடித்தது. மேஜைக்குப் பின்னால் இருந்தவர் சட்டென்று தண்ணீர் டம்ளரை அவள் பக்கம் நகர்த்தினார்.

“பயந்தா காதப் பிடிச்சுக்குவா, தண்ணி குடுங்கன்னு நேத்து வந்தவரு சொன்னாரு. உங்க வீட்டு ஆளுதானே?”

அது அப்பா மட்டுமே கவனித்த பழக்கம். அம்மாவுக்குக்கூடத் தெரியாது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் நல்ல கூட்டம். ஆனாலும் அவள் பக்கத்து சீட்டில் மட்டும் கடைசி வரை யாரும் உட்காரவில்லை. அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவே பயமாக இருந்தது.

மேல்பட்டாம்பாக்கத்தில் இறங்கி ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்தாள். தோட்டத்துப் பக்கம் அம்மா செல்போனில் மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தாள்.

“நாளைக்கு பேங்குக்குப் போவா. நீங்க இன்னிக்கே போய் சொல்லிடுங்க. அவ கண்ணுல மட்டும் பட்டுடாதீங்க.”

“யாரும்மா அது?” இசைவாணி பின்னாலேயே வந்து நின்றாள். “அப்பாவா?”

அமராவதி போனை அணைத்துவிட்டு மகளின் தோளைப் பிடித்து உட்கார வைத்தாள்.

“லூர்துசாமின்னு ஒருத்தரு. அப்பா போன ராணுவ லாரிய ஓட்டுனவரு. வண்டி உருண்டப்ப இவரு மட்டும் பொழச்சாரு.”

“அவரையாம்மா வீட்டு விஷயத்துல சேத்துக்கிட்ட?”

“போன மாசம் வாசல்ல வந்து நின்னு அழுதாரு. வண்டில உக்காந்தா உங்கப்பா உன்னப் பத்தியேதான் பேசுவாராம். அந்தக் குரல் இன்னும் காதுல கேக்குதாம். கண்ண மூட முடியலயாம். ‘அண்ணன் பொண்ணுக்கு ஏதாவது செய்ய விடுங்க அண்ணி’ன்னாரு. உனக்குத் தெரிஞ்சா வேணாம்னுடுவன்னுதான் கண்ணுல பட வேணாம்னேன்.”

“சரி, அதுக்காக? நீ என்கூட வந்திருக்கலாமில்ல?”

அமராவதி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“நானே கூட வந்து எல்லாத்தையும் முடிச்சுட்டா, அந்த மனுசன் செய்யறதுக்கு என்னடி இருக்கும்?”