நீல நட்சத்திரம்

லிங்கநகரில் ஒரு மாடியறை. நடுப்பகல் வெயில் ஜன்னல் கம்பிகளின் நிழலை மேசையில் கிடத்தியிருக்கிறது. காற்று திரும்பும்போதெல்லாம் துறைமுகத்து எண்ணெய் வாடை. பஹ்மியா படம் கீற, தயா கணினியில் அதற்கு உயிர் கொடுக்க, இருவருமாக மூன்று வருடம் செய்த வீடியோ கேம் திரையில் ஓடுகிறது. அதைத் தங்கள் கேம் பெட்டிக்கு மட்டும் கேட்டு வந்திருக்கும் கம்பனிக்காரர் றஊப், கதிரை நுனியில் இருந்து, தான் கொண்டுவந்த கொன்ட்ரோலரால் விளையாடுகிறார். அவருடைய தேத்தண்ணியில் ஆடை படிகிறது. திரையில் ஒரு வள்ளம் கரைக்கு வருகிறது.

“மற்றக் கம்பனிக்காரர் ஆரும் வந்தவையோ?” கண்ணை எடுக்காமல் கேட்கிறார்.

“இல்லை சேர். உங்களுக்கு மட்டும்தான் காட்டுறம்,” என்கிறாள் பஹ்மியா. தயா மவுஸ் வயரை விரலில் சுற்றுகிறான், அவிழ்க்கிறான், மறுபடி சுற்றுகிறான்.

வள்ளம் இறங்குதுறையைத் தொடுகிறது. கயிறு கட்ட எந்தப் பொத்தானை அமத்த வேண்டும் என்று திரை காட்டுகிறது: நீல நட்சத்திரம். றஊப்பின் பெருவிரல் அந்தரத்தில் நிற்கிறது. அவர் கையிலுள்ள பொத்தான்களில் எழுத்துகள்தான் இருக்கின்றன. நட்சத்திரம் இருப்பது போட்டிக் கம்பனியின் கொன்ட்ரோலரில். கட்டாத வள்ளம் மெல்லக் கரையை விட்டு விலகுகிறது.

“இது எங்கட பொத்தான் இல்லையே, தங்கச்சி.” அவர் குரல் உயரவில்லை.

பஹ்மியா அவரைப் பார்க்கவில்லை. வயர் இறுகி வெளுத்துப்போன தயாவின் விரல்நுனியைப் பார்க்கிறாள்.

“தயா, அந்த நட்சத்திரம் நான் கீறினதில்லை.”