கட்டிலடிப் பை

சிறுநீரகம் செயலிழந்த என் கணவருக்கு வீட்டிலேயே டயாலிசிஸ் என்றதும் அவர் அண்ணன் சிரித்தார். “இந்த வீட்டு வைத்தியமெல்லாம் ஆறு மாசம் தாங்காதும்மா.”

நான் தினமும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, இவர் வயிற்றுக் குழாயில் திரவத்தை ஏற்றுவேன். விடிவதற்குள் கழிவெல்லாம் கட்டிலடிப் பையில் இறங்கிவிடும். இப்படியே பதினொரு வருடம் இவர் வேலைக்குப் போய்வந்தார். அண்ணன் ஒருநாள்கூட எட்டிப்பார்க்கவில்லை.

மாரடைப்பில் இவர் போனதும் பெரிய மனுஷர் பெட்டியோடு வந்திறங்கினார். “நான் அப்பவே சொன்னேன்ல?” என்றார். கூச்சமே இல்லாமல் இவர் கட்டிலிலேயே படுத்துக் குறட்டை விட்டார்.

மறுநாள் காலை, கட்டிலடியில் நான் எடுக்க மறந்திருந்த காலிப் பை நிறைந்திருந்தது. இளஞ்சூடாகவும் இருந்தது. அதன் குழாய் எதிலும் மாட்டாமல் தரையில் கிடந்தது. கழிப்பறையில் ஊற்றிவிட்டு, பழக்கதோஷத்தில் புதுப் பையை வைத்தேன். அதுவும் விடிவதற்குள் நிறைந்தது. அதற்கடுத்ததும் அப்படியே.

வாரக் கடைசியில் அண்ணன் சமையலறை வாசலில் வந்து நின்றார். குரல் இறங்கியிருந்தது.

“யார்கிட்டயும் சொல்லாதம்மா. இங்க வந்ததுலேருந்து எனக்கு ஒண்ணுக்கே வரல. ஆனா உடம்புக்கு ஒண்ணுமில்ல, நல்லாத்தான் இருக்கேன்.”

“ஆறு மாசம் தாங்குதான்னு பாப்போம்” என்று சொல்லிவிட்டு, புதுப் பையை எடுக்கப் போனேன்.