அடிக்கடி நிக்கிற டேட்டாபேஸ்

"இலவசமாக் கெடைக்கிறத விட்டுட்டு, வருஷாவருஷம் காசு கட்டி இந்தப் பாழாப்போனதையே வச்சுக்குவீங்களா மாமா?"

ஷர்மிளா லேப்டாப்பை ஜீப் சங்கத் தலைவர் பக்கம் திருப்பினாள்.

கொடைக்கானல் ஜீப் ஸ்டாண்டில் காலையில் வண்டிகள் வந்த வரிசைப்படி சவாரிக்கு முறை வைக்கிற டேட்டாபேஸ், தினமும் காலை பத்து மணிக்குத் தவறாமல் நின்றுபோகும். கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கிறவளால் இதைத் தாங்க முடியுமா? அதுவும் ஸ்டாண்டில் ஜீப் ஓட்டும் ஒரே பெண் அவளுடைய அம்மா மகாதேவி. இந்தக் குழப்பத்தில் அம்மாவுக்கு வரவேண்டிய கூடுதல் சவாரிகளை யாரோ அமுக்குகிறார்கள் என்பது அவள் கட்சி.

"மூணையும் ஒப்பிட்டுப் பாத்துட்டேன். உங்க பழசு, தண்டச் செலவு. பெரிய கம்பெனியோடது லட்சம் வண்டியத் தாங்கும், விலையும் அப்படி. இந்த இலவசம் நமக்குத் தாராளம். நிக்கவே நிக்காது."

தலைவர் நாச்சிமுத்துவின் முகம் வாடியது.

"நிக்கவே நிக்காதா?"

"நிக்காது."

"கரண்ட் போனா?"

"பேட்டரில ஓடும்."

"காட்டுமாடு வந்து வயர இழுத்துட்டா?" என்றார் டிரைவர் வேல்ராஜ், ஆசையாக.

"அப்பவும் ஓடும்ணே!"

இருவரும் எழவு வீட்டுக்காரர்கள் மாதிரி பார்த்துக்கொண்டார்கள்.

"ஏத்தா, நிக்கிறதா ஒண்ணு பாரேன். வெல கூடக் கொஞ்சம் போனாலும் பரவால்ல," என்றார் நாச்சிமுத்து.

"நிக்கிறதுக்கு யாராச்சும் காசு குடுப்பாங்களா? பழச வித்தவன் உங்களுக்கு எவ்வளவு கமிஷன் தர்றான்?"

நாச்சிமுத்து லேப்டாப்பை அவள் பக்கமே தள்ளினார். "சரி, இன்னைக்கு ஒன்னோடத ஓட்டிப் பாரு."

பத்து மணி. மகாதேவியின் ஜீப் வந்து ஸ்டாண்டின் கேட்டோரம் நின்றது. ஷர்மிளா பெருமையாகத் திரையைப் பார்த்தாள்.

மகாதேவி: கடைசி முறை. இன்று சவாரி இல்லை.

"என்ன மாமா இது? அம்மா தினமும் சவாரி போறாங்களே!"

நாச்சிமுத்து குரலைத் தாழ்த்தினார். "படுக்கையாக் கெடக்குற ஒங்கப்பாவக் கவனிச்சுட்டு ஒங்கம்மா வர்றதுக்குப் பத்தாயிடுது. மொறைய விட்டுக்குடுத்தோம். 'எனக்கென்ன பிச்சையா?'ன்னு சாவியத் தூக்கி எறிஞ்சிருச்சு. அப்பறந்தான் சட்டம் போட்டோம். சிஸ்டம் நின்னா, கேட்டோரம் நிக்கிற வண்டி மொதல்ல போகணும். பத்து மணியானா நாங்களே அத நிறுத்திருவோம். பழசு நிக்கும்னு ஊருக்கே தெரியும், அதுவும் நம்புச்சு. ஒன்னோடது நிக்காதுன்னு நீ ஒங்கம்மாட்டயே தண்டோராப் போட்டிருப்பயே!"

வாசலில் மன்னவனூர் போகும் டூரிஸ்டுகள் அவசரப்பட்டார்கள். மகாதேவி ஜீப்பிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"ஏ ஷர்மி, ஒன் டேட்டாபேஸ் என்னடி சொல்லுது?"

ஷர்மிளா லேப்டாப்பைப் படாரென்று மூடினாள்.

"ஒண்ணுக்கும் ஒதவாதும்மா, சுத்தமா நின்னுபோச்சு. நீ வண்டிய எடு!"