வால்முடி

கொத்து முடியை விரலில் சுற்றிப் பிடித்து வெடுக்கென்று இழுத்தார் லோவெல். "கத்திடாதே தங்கம், ஊரைக் கூட்டிடாதே" என்று கெஞ்சினார்.

தங்கம் கத்தவில்லை. வாலைச் சுழற்றி அவர் கன்னத்தில் ஓர் அறை விட்டது. பக்கத்துப் பண்ணை ஆரினின் காளை அது. ஆரின் தேவாலயத்திலிருந்து திரும்புவதற்குள் வேலியைத் தாண்டியாக வேண்டும்.

அமெரிக்காவில், மொன்டானாவின் அந்த வட்டாரத்து ஹெர்ஃபோர்டு இன மாடு வளர்ப்போர் சங்கத்துக்கு லோவெல்தான் தலைவர். "வால்முடியிலிருந்து மரபணுவை முழுசாப் படிச்சுப் பார்த்து, குறையில்லேன்னு ஆய்வகம் சொல்ற காளைதான் இனிமே ஏலத்துக்கு! என் காளை ரத்தம் மலையூத்துத் தண்ணி!" என்று மேஜையைக் குத்தித் தீர்மானம் போட்டவரும் அவரே.

கைதட்டல் அடங்குமுன்பே அவருக்கு ஒரு விஷயம் நினைவுக்கு வந்துவிட்டது. அவர் தொழுவத்தில் அந்த வசந்தத்தில் ஒரு கன்று செத்துப் பிறந்திருந்தது. ஆரின் பண்ணையில் அப்படி ஒன்றுகூட இல்லை. குறை இருந்தால் காளை கசாப்புக்குப் போகும். அதன் பின்னாலேயே பண்ணையும் போகும்.

வீட்டுக்கு வந்து, திருட்டு முடியை ஆய்வக அட்டையில் ஒட்டிக்கொண்டிருந்தார். மனைவி வெர்னா எட்டிப் பார்த்தாள்.

"இத்தனூண்டு முடிக்கா நம்ம காளை வாலை மொட்டை அடிச்சு வச்சிருக்கே? பாவம்யா அது!"

"ஆமா, ஆமா" என்றார் லோவெல் அவசரமாக. காளை உரசிக்கொண்ட கம்பம் எதுவோ, அதற்கு மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டார்.

அடுத்த சங்கக் கூட்டத்தில் செயலாளர் முடிவுகளை உரக்கப் படித்தார். "ஆரின் காளை, குறையில்லை. தலைவர் காளை..." தொண்டையைச் செருமினார். "பரம்பரைக் குறை உண்டு. ஏலத்துக்கு ஆகாது."

லோவெல் துள்ளி எழுந்து, எழுந்த வேகத்திலேயே உட்கார்ந்தார். இரண்டும் ஒரே காளையின் முடிதானே! ஆனால் அதைச் சொன்னால், பிடுங்கியதையும் சொல்ல வேண்டும். இருந்த ஒரே கைக்குட்டை நெற்றி வியர்வைக்கே போதவில்லை.

ஆரின் காப்பிக் கோப்பையோடு வந்து, அவரை மூலைக்குத் தள்ளிக்கொண்டு போனார். "கலங்காதீங்க தலைவரே. ஆய்வகத்துல ஏதோ குளறுபடி. உங்க காளை சுத்தம்."

"உனக்கெப்படிய்யா தெரியும்?"

ஆரின் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் காதோடு சொன்னார்.

"நீங்க பேசினதை நம்பி, என் பேர்ல நான் அனுப்பினது உங்க காளை முடி!"