அவள் போட்ட முதல் போர்டு

"டாக்டர், அந்த போர்டை முதல்ல கழட்டுங்க. புதுசு நானே செஞ்சு தர்றேன். ஒரு பைசா வேண்டாம்."

பல் டாக்டர் கையுறையைக் கழற்றிக் கூடையில் போட்டார்.

"வாம்மா, உட்காரு. இத்தனை வருஷம் கழிச்சு உள்ள வர்றே, வந்ததும் சண்டையா?"

"பின்னே? மானம் போகுது டாக்டர்."

மானம் போனது நேற்று. அவளுடைய டிசைன் கம்பெனியில் வேலை கேட்டு வந்த ஒரு பெண், "டிசைன் எப்படி இருக்கக் கூடாதுங்கறதுக்கு ஒரு உதாரணம்" என்று திரையில் ஒரு படத்தைப் போட்டாள். ஊதா நிறத்தில் மஞ்சள் எழுத்து. ஒரே போர்டில் ஐந்து விதமான எழுத்து. 'பல் மருத்துவமனை' என்பதில் 'மனை'க்கு இடம் போதாமல், கூட்ட நேரத்து பஸ்ஸில் நிற்பதுபோல எழுத்துகள் ஒன்றோடொன்று நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. நடுவில் சிவப்புத் தொப்பி போட்ட ஒரு பல், வாயெல்லாம் பல்லாகச் சிரித்தது.

"பல்லுக்கே பல்லா!" என்று ஆபீஸே உருண்டு புரண்டு சிரித்தது. அவளும் சிரித்து வைத்தாள். கீழ் மூலையில் இருந்த அவள் பெயரை யாரும் பெரிதாக்கிப் பார்க்காததால் தப்பித்தாள்.

இருபத்திரண்டு வருஷத்துக்கு முந்தைய கதை அது.

அப்போதுதான் டிசைன் படிப்பை முடித்திருந்தாள். போன இடத்திலெல்லாம், "முன்னாடி செஞ்ச வேலை இருந்தா காட்டும்மா" என்றார்கள். யாராவது வேலை கொடுத்தால்தானே காட்டுவதற்கு? செருப்பு தேய்ந்ததுதான் மிச்சம்.

ஒருநாள் வீட்டுக்குத் திரும்பும்போது, தெருமுனையில் புதிதாக ஒரு பல் ஆஸ்பத்திரி. வாசலில் பெயர் இல்லை. என்ன தைரியமோ, கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

"சார், போர்டு நான் போட்டுத் தரட்டுமா?"

"இதுக்கு முன்னாடி போட்டிருக்கியா?"

"இல்ல சார்."

"பரவாயில்ல. நானும் இதுக்கு முன்னாடி ஆஸ்பத்திரி வெச்சதில்ல" என்றார் டாக்டர்.

போர்டு ஏறிய அன்று அவளும் அம்மாவும் எதிர்ப்பக்கம் நின்று அரைமணி நேரம் அதையே பார்த்தார்கள்.

"என்னைப் பார்த்தே சிரிக்குதுடி!" என்றாள் அம்மா.

அந்த போர்டின் போட்டோவைக் காட்டித்தான் அவளுக்கு முதல் வேலை கிடைத்தது. மேனேஜர் கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். பிறகு, "டிசைன் கத்துக்கலாம். தெரியாத ஆள்கிட்ட நேரா போய் வேலை கேட்டியே, அதைக் கத்துக்க முடியாது. நாளைக்கு வா" என்றார்.

எல்லாம் சரி. அதற்காக அது ஆயுசுக்கும் தொங்க வேண்டுமா?

"இதோ பாருங்க, என்ன அழகா இருக்குன்னு" என்று டாக்டரிடம் செல்போனை நீட்டினாள். வெள்ளைப் பின்னணியில் நீலத்தில் மெல்லிய ஒரே கோடு. ஒரு பல்.

"ரொம்ப அழகா இருக்கும்மா. ஆனா வேண்டாம்."

"இத்தனை வருஷ வெயிலுக்குச் சாயமாவது போயிருக்கக் கூடாதா? புதுசு மாதிரி பளபளன்னு இருக்கு!"

"போன மாசம்தான் பெயின்டரைக் கூப்பிட்டு, அதே கலர்ல ஒரு கோட்டிங் குடுத்தேன்."

அவளுக்குச் சுருக்கென்றது.

"வேணும்னேதானே செய்யறீங்க? பெரிய கம்பெனி வெச்சிருக்காளே, இவ லட்சணத்தை ஊர் பார்க்கட்டும்னு?"

டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"அம்மாவைப் பார்த்துட்டுதானே வர்றே?"

"இல்ல டாக்டர், ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமைதான் வருவேன். தினமும் போன்ல பேசிடுவேன். 'நல்லா இருக்கேன், நீ உன் வேலையைப் பாரு'ம்பாங்க. அதை விடுங்க, என் பேர் போட்டது அது, நாளைக்கு நானே ஆள் அனுப்பிக் கழட்டறேன். நீங்க தடுக்கக் கூடாது."

"அஞ்சு நிமிஷம் பொறு. அப்புறம் உன் இஷ்டம்."

அவரே எழுந்து ஜன்னல் திரையை விலக்கினார்.

வெளியே சாயங்கால வெயில். நாற்சந்தியில் கையில் காய்கறிப் பையோடு அம்மா நின்றுகொண்டிருந்தாள். இந்தப் பக்கம் பார்த்தாள். அந்தப் பக்கம் பார்த்தாள். பழைய வீடுகளெல்லாம் போய், எல்லாத் தெருவிலும் ஒரே மாதிரி அடுக்குமாடி. அம்மா தப்பான தெருவுக்குள் நாலடி வைத்தாள். நின்றாள். திரும்பி வந்தாள். தொலைந்துபோன குழந்தை மாதிரி விழித்தாள்.

"அம்மாவுக்கு என்ன ஆச்சு?" என்று பதறி எழுந்தாள் மகள்.

"கூப்பிடாதே. பாரு."

அம்மா மெல்லத் தலையை நிமிர்த்தி ஆஸ்பத்திரி வாசலுக்கு மேலே பார்த்தாள். அவ்வளவுதான், முகம் மலர்ந்துவிட்டது. பையை மறுகைக்கு மாற்றிக்கொண்டு, விறுவிறுவென்று வீட்டுத் தெருவுக்குள் நடந்தாள்.

மகள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஆறு மாசமா இப்படித்தான்" என்றார் டாக்டர். "உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கிட்டாங்க. உனக்கு ஆயிரம் வேலை இருக்காம். தெருப் பேர் மறந்துடுது, வீட்டு நம்பர் மறந்துடுது. 'எம் பொண்ணு போட்ட படம், இங்க திரும்பினா வீடு'ங்கறது மட்டும் இன்னும் மறக்கல. இப்ப சொல்லும்மா, கழட்டிடலாமா?"