ஒரு விரல் உயரம்

நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த போட்டியில், நீந்திக் கரையேறிய ஜெசிந்தா ஈரக்காலோடு ஓடி, கம்பியில் வரிசையாகத் தொங்கிய சைக்கிள்களிலிருந்து கறுப்பு சைக்கிளை எடுத்து மிதித்தாள். ஒவ்வொரு பாகமாக வாங்கி அவளே பொருத்திய சைக்கிள். பயிற்சியில் ஒருநாளும் விடாத முழங்கால் வலி இன்று வரவேயில்லை. பாதி வழியில்தான் கவனித்தாள். நிறமும் கைப்பிடியும் அதேதான். சீட் மட்டும் ஒரு விரல் கூடுதல் உயரம். வேறு யாருடைய சைக்கிளோ. தெரிந்தால் போட்டியிலிருந்தே நீக்கிவிடுவார்கள். இறங்கியிருக்கலாம். கடல்காற்று முதுகைத் தள்ள, கடைசிவரை மிதித்தாள்.

திரும்பி வந்து இறங்கியபோது, முன்பின் தெரியாத ஒருத்தி ஜெசிந்தாவின் சைக்கிளிலிருந்து இறங்கி நொண்டினாள்.

“இது உங்களோடதா?” முழங்காலைத் தேய்த்தபடி கேட்டாள். “இதுலயா தெனமும் ஓட்டுறீங்க?”

ஜெசிந்தா தலையாட்டினாள். அவள் கை இன்னும் அந்த உயரமான சீட்டை விடவில்லை.